தனி டப்பா

சர்க்கரை நோயாளிகளுக்கென்று கடைகளில் விற்கும் தனி உணவை மும்பைத் தமிழர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? செம்பூர், மாட்டுங்கா, தாராவி வீடுகளிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

போன தீபாவளிக்கு முந்தின நாள் செம்பூரில் சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று சிவப்பு, இன்னொன்று பச்சை. சிவப்பில் எல்லாருக்குமான மைசூர்பாகும் லட்டும். பச்சையில் சித்தப்பாவுக்கு மட்டும் முந்திரிக் கத்லி. மூடியில் தங்க எழுத்தில் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தது. விலை சிவப்பைவிட ஒன்றரை மடங்கு. புனாவில் வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்கென்று தேடி வாங்கி வந்தது.

சித்தப்பா டிராம்பே பக்கம் உரத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்டு பார்த்தவர். சுகர் வந்து பதினேழு வருஷம். தீபாவளி என்றால் ஒரு லட்டை எடுத்து, சித்தி பார்க்கிறாளா என்று ஒரு கண் பார்த்து, பாதியைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு மீதியைத் திரும்ப வைக்கிற மனுஷர். பச்சை டப்பா வந்ததும் அந்தத் திருட்டுப் பார்வை போய்விட்டது. மத்தியானம் சாப்பிட்டு முடித்து இரண்டு, சாயங்காலம் காபியோடு இரண்டு, ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே மூன்று. சித்தியும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அது அவருக்கென்றே செய்ததுதானே.

மறுநாள் காலை, எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் விரலைக் குத்திப் பார்த்தார். வழக்கமாக 130-ஐ ஒட்டி நிற்கிற வெறும்வயிற்று அளவு 198 காட்டியது. "மிஷின் கெட்டுப்போச்சு" என்றார். இன்னொரு விரலில் குத்தினார். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

பச்சை டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்து, அவருடைய கண்ணாடிக்கு எட்டாதது. முந்திரி, மால்டிட்டால், நெய், பால் பவுடர் என்று வரிசை போயிற்று. சர்க்கரை இல்லை என்பது உண்மை. 'சுகர் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் நூறு கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதி வகுத்திருக்கிறது. டப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று அது சொன்னதைச் சித்தப்பா 'சர்க்கரை ஏறாது' என்று படித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தத் தங்க எழுத்தை அப்படிப் படிக்கத்தான் யாருக்கும் தோன்றும்.

மால்டிட்டால் என்பது சர்க்கரை ஆல்கஹால் என்ற வகையைச் சேர்ந்தது. பேரில்தான் ஆல்கஹால், போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாவுச்சத்திலிருந்து தயாரிப்பது. சர்க்கரையைவிட மெதுவாக, குறைவாக ரத்தத்தில் ஏறும், ஆனால் ஏறும். சர்க்கரைக்குக் கிராமுக்கு 4 கலோரி என்றால் இதற்கு 2-க்குச் சற்று மேல். நிறையத் தின்றால் வயிறு கெடும். மலத்தை இளக்கும் என்று பாக்கெட்டில் எச்சரிக்கை போட வேண்டும் என்றே விதி உண்டு. சித்தப்பாவுக்கு அதுவும் நடந்தது. பழியைப் பஜ்ஜியின் மேல் போட்டுவிட்டார். மால்டிட்டால் போக மிச்சம் இருப்பது முந்திரியும் நெய்யும். நூறு கிராம் முந்திரியில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து, 44 கிராம் கொழுப்பு, 550 கலோரி. பச்சை டப்பாவில் இருந்ததும் ஒரு பலகாரம்தான். ஏழு துண்டு தின்னச் சொல்லித் தந்ததுதான் அதன் கூடுதல் குணம்.

மும்பையில் பாதிப் பேர் கையில் வைத்திருக்கும் இன்னொன்று அத்தி, பேரீச்சை பர்பி. 'நோ ஆடட் சுகர்' என்று அதில் எழுதியிருக்கும். மேலே சேர்க்கவில்லைதான். பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாறியவர்களுக்கும் இதே கதை. கருப்பட்டியில் மணமும் கொஞ்சம் தாதுவும் கூடுதல். ரத்தத்துக்குள் போனபின் அதுவும் சர்க்கரைதான். மேரி பிஸ்கட் சர்க்கரை நோயாளிக்கு உகந்தது என்று நம்பாத தமிழ் வீடு செம்பூரில் அபூர்வம். அதில் நூறு கிராமுக்கு இருபது கிராம் அளவில் சர்க்கரை. தித்திப்பு நாக்கில் தெரியாததால் மருந்து போலத் தின்கிறோம்.

மும்பை மாநகராட்சி 2021-இல் உலக சுகாதார நிறுவன முறைப்படி எடுத்த கணக்கில், நகரத்தில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 18 சதவீதம் பேருக்கு வெறும்வயிற்றுச் சர்க்கரை நோயின் அளவில் இருந்தது. நாட்டுக்கு என்று எடுத்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய ஆய்வு 2023-இல் சொன்ன கணக்கு 10 கோடியே 10 லட்சம் பேர். விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம். இத்தனை பேர் இருக்கும் ஊரில் தனி மாவு, தனி பிஸ்கட், தனி அரிசி, தனி புரோட்டீன் பவுடர் என்று கடைத் தட்டு நீள்வதில் ஆச்சரியமில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் முன்பு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவார்கள். இப்போது 'டயபடிக்' என்று போட்ட டின்.

இந்தத் தனிச் சாமான்களைப் பற்றி நம் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு மூன்று மாதம் அலைந்தேன். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை எழுதத்தான் கிளம்பினேன். திரும்பி வந்தபோது மனசில் நின்றது 'தனி' என்ற சொல்.

சப்பாத்திக்கு மாறியவர்கள்

மாட்டுங்காவில் நான் பேசிய பெரியவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தில் ஆரம்பித்தார்கள்: "எனக்கு சுகர் வந்ததும் சப்பாத்திக்கு மாறிட்டேன்."

அந்த வாக்கியத்தின் கனம் மாட்டுங்காவைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். சோற்றையும் இட்லியையும் விடாமல் பிடித்துக்கொள்வதற்காகவே தெற்கத்திக்காரர்கள் கட்டிக்கொண்ட பேட்டை அது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே 1932-இல் பிறந்தது. கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் 1940-இலிருந்து இட்லி போடுகிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-இலிருந்து இலை போட்டுச் சோறு பரிமாறுகிறது. சுற்றிலும் பாக்ரியும் சப்பாத்தியும் தின்னும் ஊரில் மூன்று தலைமுறையாகச் சோற்றை விடாதவர்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று வந்ததும் ஒரே ராத்திரியில் சப்பாத்திக்கு மாறினார்கள். தமிழனுக்கு முதலில் வந்த 'டயபடிக் ஃபுட்' பாக்கெட்டில் வரவில்லை. அது சப்பாத்தி.

அதில் பாதி நியாயம் உண்டு. மும்பை வீடுகளில் புழங்கும் சுர்தி கோலம் அரிசியைச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை சோதித்துப் பார்த்தது. குளுக்கோஸை 100 என்று வைத்தால், சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் சுர்தி கோலம் 77, சோனா மசூரி 72, பொன்னி 70. மூன்றுமே அதிகம் என்ற வகையில்தான் சேரும். முழுக்கோதுமை அதைவிடச் சற்று நிதானம். ஆனால் மாறியவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு கரண்டி சோறு குறையும் என்று நினைத்து நான்கு சப்பாத்தி சாப்பிட்டார்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. சோற்றோடு வந்த கீரையும் அவரைக்காய்ப் பொரியலும் கூட்டும் சோற்றோடு போய்விட்டன.

2025-இல் அதே ஆய்வுக் குழு இதை நாடு முழுவதும் அளந்து சொன்னது. இந்தியர் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவு குறைய வேண்டும். மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, கடலை, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் ஆபத்து குறைகிறது. விஷயம் அரிசியா கோதுமையா என்பதில் இல்லை, தட்டில் எதற்கு எவ்வளவு இடம் என்பதில் இருக்கிறது. இந்த ஒரு தகவலை நான் பார்க்கிற ஒவ்வொரு சர்க்கரைக்காரரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடிக்கிற என் அம்மாவிடம் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

தனியாகச் செய்த உணவிலும் ஆதாரம் உள்ளவை இருக்கின்றன. அதையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சென்னை அறக்கட்டளையே நார்ச்சத்து கூடிய வெள்ளை அரிசி ஒன்றை உருவாக்கி, சாதாரண வெள்ளை அரிசிக்கு 79 இருந்த இடத்தில் இதற்கு 61 என்று அளந்து காட்டியது. நல்ல இறக்கம். ஆனால் இது 'சுகர் அரிசி' என்று நினைத்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் அந்த இறக்கம் இலையிலேயே கரைந்துவிடும்.

தட்டைத் திருத்தும் யோசனை புதிதும் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று 1948-லேயே தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதன், நார் நிறைந்த காய்கறியும் பருப்பும் சேர்ந்த தென்னிந்தியச் சாப்பாட்டை வைத்தே வைத்தியம் செய்யலாம் என்று வாதாடியவர். நம் ஆள் சாப்பிடுகிற இலையை அவர் பிடுங்கவில்லை. இலையில் இருப்பதைத் திருத்தினார்.

மாட்டுங்காவில் இன்னொரு பேச்சு, காபி. காய்கறிச் சந்தான பாஜி கல்லிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு மாமாவைப் பார்த்தேன். சட்டைப்பையில் தீப்பெட்டி அளவில் செயற்கை இனிப்பு மாத்திரை டப்பி. அழுத்தினால் 'டிக்' என்று ஒன்று விழும். கல்யாணத்துக்கு, கச்சேரிக்கு, சண்முகானந்தா அரங்கத்துக் கேண்டீனுக்கு எங்கே போனாலும் கூடவே போகும். "மூணு டிக் போட்டாத்தான் எனக்குக் காபி" என்றார். மாமி உள்ளேயிருந்து, "இருபது வருஷமா டிக்கு. நாக்கு ஒரு பொட்டுக்கூட மாறலை" என்றாள்.

அந்த மாத்திரை கெடுதலா? சென்னை அறக்கட்டளையின் குழு, காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டியைப் போட்டுக்கொண்ட நோயாளிகளை 12 வாரம் கவனித்து 2024-இல் முடிவை வெளியிட்டது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2023-இல், எடை குறைப்பதற்காக இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று சொன்னபோது, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சேர்த்தே எழுதியது. செய்தி வந்தபோது இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிட்டார்கள். ஆக, மாமாவின் மூன்று டிக் விஷம் இல்லை. அமுதமும் இல்லை. மாமி சொன்னதுதான் மிச்சம்: நாக்கு மாறவில்லை. அதே கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் சர்க்கரையை வாரம் கால் ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்து, இரண்டு மாதத்தில் வெறும் டிகாஷன் காபிக்கு வந்துவிட்டார். "இப்போ யாராவது சக்கரை போட்டுக் குடுத்தா பாயசம் மாதிரி இருக்கு" என்கிறார். காபிக் கொட்டையில் பீபெரி நல்லதா, பிளாண்டேஷன் நல்லதா என்று அவரோடு பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஆகும். சர்க்கரை போன பிறகுதான் காபியின் ருசியே தெரிந்ததாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை திடீரென்று 70-க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்போது கைப்பையில் இருக்கிற சுகர் ஃப்ரீ மிட்டாயோ டயட் கோலாவோ உயிரைக் காக்காது. மூன்று தேக்கரண்டி நிஜச் சர்க்கரை, அல்லது குளுக்கோஸ், உடனே. கால் மணி கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். வீட்டில் சர்க்கரையே இல்லாமல் துடைத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரு குடும்பத்தில், ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சர்க்கரை வாங்கிய கதையை மாட்டுங்காவில்தான் கேட்டேன்.

மிஞ்சின இட்லி

மாட்டுங்காவிலிருந்து தாராவி நடக்கிற தூரம்தான். நான் பிறந்தது அங்கே. ராத்திரி இரண்டரை மணிக்குத் தொண்ணூறு அடி ரோட்டுச் சந்துகளில் நடந்தால் கிரைண்டர் சத்தமும் ஆவி வாசனையும் வரும். மும்பை ஆபீஸ் வாசல்களில் காலையில் சைக்கிளில் வந்து இறங்கும் இட்லியில் பெரும்பங்கு இந்தச் சந்துகளில் வேகிறது.

அப்படி இட்லி போடும் ஓர் அக்காவுக்கு அறுபது வயது. நெல்லைப் பக்கத்துக்காரர். சுகர் வந்து ஒன்பது வருஷம். மாநகராட்சியின் சிறு மருத்துவமனையான தவாகானாவில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மிஞ்சினதுதான் தம்பி."

முதலில் புரியவில்லை. விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஈடு ஈடாக அவிப்பார். ஆறு மணிக்குப் பையன்கள் ஏற்றிக்கொண்டு போவார்கள். பத்து மணிக்குப் பாத்திரம் திரும்பி வரும். விற்காமல் மிஞ்சிய இட்லி அடியில் கிடக்கும். அதுதான் அவருக்குக் காலைச் சாப்பாடு, பல நாள் மத்தியானமும். மழைக்காலத்தில் நிறைய மிஞ்சும். அந்த மாதங்களில் சுகரும் ஏறும். "மழை பிடிச்சா எனக்கு சுகர் பிடிச்சிரும்" என்றார். தவாகானா டாக்டருக்கு இது ஏன் என்று விளங்கவில்லையாம். இவரும் சொன்னதில்லை. உழைத்துப் போட்ட இட்லியைக் குப்பையில் கொட்டுவதா என்ற கேள்விக்கு எந்த டாக்டரிடம் பதில் இருக்கும்?

வீட்டில் வேறு என்ன இருக்கிறது? ரேஷனில் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம், 2023 ஜனவரியிலிருந்து இலவசம். அரிசியும் கோதுமையும். அந்த இலவசத்தில் பருப்பு கிடையாது. மகாராஷ்டிர அரசு 2022 தீபாவளிக்கு நூறு ரூபாய்க்குக் கொடுத்த பண்டிகைப் பையில் ரவை, சர்க்கரை, கடலைப்பருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். ஏழை வீட்டுக்குப் பண்டிகை வரவேண்டும் என்ற நல்ல எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மலிவாகக் கைக்கு வருவதெல்லாம் மாவும் சர்க்கரையும் எண்ணெயுமாக இருக்கும் வீட்டில், 'டயட் கண்ட்ரோல்' என்று சீட்டில் எழுதுவது யாரைப் பார்த்து எழுதுவது?

அந்த அக்காவின் மகள் ஒருமுறை சுகர்காரர்களுக்கான பிஸ்கட் வாங்கி வந்தாளாம். அந்த விலைக்கு வீட்டுக்கு மூன்று நாள் பருப்பு வரும் என்பது அவருக்கு முதல் உறுத்தல். அதைவிடப் பெரியது வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பேரப்பிள்ளைகள் மூன்று பேர்.

"எனக்குன்னு தனியா ஒண்ணைப் பிரிச்சி, அந்தப் பிள்ளையள் பாத்துக்கிட்டு நிக்கையில நான் எப்படிய்யா திங்க? ஆளுக்கு ரெண்டு குடுத்தேன். தீந்து போச்சு."

செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பாக்கெட்டில், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அச்சடிக்கிறார்கள். அச்சடிப்பவர்கள் தனி அறையும் தனி அலமாரியும் உள்ள வீட்டை மனதில் வைத்து அச்சடிக்கிறார்கள். செம்பூரில் அந்தப் பச்சை டப்பா தின்பதற்கு அனுமதி கொடுத்தது. மாட்டுங்காவில் அந்த டிக் டப்பி நாலு பேர் நடுவில் காபி குடிக்கிற கௌரவத்தைக் காப்பாற்றுகிறது. தாராவியில் தனியாகத் தின்பதே கூச்சம். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் வியாபாரம் படுக்கும் என்ற பயமும் உண்டு. "நோயாளி கை இட்லின்னு சொல்லிட்டா?" என்று கேட்டார் இன்னொரு வீட்டுக்காரர். ஒட்டுகிற நோய் இல்லையே என்றேன். அது எனக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியுமா என்றார்.

தனியாகச் சமைப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. சுகர் உள்ளவர் ஆண் என்றால் அவருக்கு இரண்டு சப்பாத்தியும் தனிப் பொரியலும் தயாராகிவிடும். அடுப்படியில் நிற்பவளுக்கு அது இரண்டாவது சமையல். சுகர் உள்ளவள் அவளே என்றால் தனிச் சமையல் நடப்பதில்லை. மூன்று பேட்டையிலும், வசதி உள்ள வீட்டிலும் இல்லாத வீட்டிலும், இதில் வித்தியாசம் பார்க்கவில்லை. தனக்கென்று ஒரு பிடி கீரை ஆய்வதைக் கூடுதல் வேலை என்று நினைக்கும் பெண்களைத்தான் பார்த்தேன். எனக்குத் தாங்கமுடியாத கோபம் வந்தது இதில்தான்.

ஜெர்மனி எடுத்துப்போட்ட பலகை

சர்க்கரை நோயாளிக்கென்று தனி உணவு வேண்டுமா என்ற கேள்வியை வெளிநாடுகள் கேட்டு முடித்து வருஷங்கள் ஆகின்றன. ஜெர்மனியில் 'டயபடிக்' சாக்லேட், ஜாம், கேக் என்று கடைகளில் பலகை மாட்டிய தனிப் பகுதியே இருந்தது. சர்க்கரைக்குப் பதில் ஃப்ரக்டோஸும் சர்க்கரை ஆல்கஹாலும் போட்டது. கொழுப்பு பல சமயம் சாதாரணத்தைவிடக் கூடுதல், விலையும் கூடுதல். இதனால் நோயாளிக்குத் தனியாக ஒரு நன்மையும் இல்லை என்று முடிவு செய்து சட்டத்தைத் திருத்தினார்கள். 2012 அக்டோபரோடு அந்தப் பலகை இறங்கியது. பிரிட்டனில் நோயாளிகளுக்காகவே இயங்கும் 'டயபடீஸ் யூகே' அமைப்பு, இப்படி ஒரு உணவு வகையே வேண்டாம் என்று பல வருஷங்களாகச் சொல்லி வருகிறது. 2016 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 'டயபடிக் உணவு' என்ற தனி வகைக்குச் சட்டத்தில் இடமில்லை.

நம் ஊரில் நிலைமை வேறு. நீரிழிவுக்காரர்களுக்கு முறையான சிகிச்சை வேண்டும் என்று 1955-லேயே சங்கம் அமைத்த நகரம் மும்பை. அந்தச் சங்கத்தோடு இணைந்து வளர்ந்த ரஹேஜா மருத்துவமனை, தாராவியை ஒட்டி மாஹிமில் இருக்கிறது. அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சர்க்கரை இல்லை என்று விற்கும் பண்டங்களில் கொழுப்பு நிறைந்திருக்கலாம், லேபிளைப் படியுங்கள் என்று நேராகவே எழுதியிருக்கிறது. அந்த வரி தாராவிச் சந்துக்கும் செம்பூர் சாப்பாட்டு மேஜைக்கும் தமிழிலோ மராத்தியிலோ வந்து சேரவில்லை. தங்க எழுத்து வந்து சேர்ந்துவிட்டது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பலகை இங்கேயும் இறங்க வேண்டும். ஒரு பண்டத்தில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று முகப்பில் பெரிய எழுத்தில் போடட்டும், நோயாளி படித்துக்கொள்வார். 'உனக்கென்று செய்தது' என்று சொல்லி விற்பதை நிறுத்தட்டும். அரைக்கிலோ தனிக் கத்லிக்கு ஆகும் பணத்தில் சுகர் சோதிக்கும் ஸ்டிரிப் ஒரு டப்பா வாங்கிவிடலாம். சாப்பிடுவதற்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று நான்கு நாள் குத்திப் பார்த்தால், எந்தப் பண்டம் தன் உடம்பை என்ன செய்கிறது என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

சித்தப்பா அதைத்தான் செய்தார். நவம்பர் முழுவதும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்தார். மூன்று இட்லியும் சட்னியும்: 214. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார்க் காய், ஒரு முட்டை: 168. காயும் கொஞ்சம் சோறும் சாப்பிட்ட கையோடு அரைத் துண்டு மைசூர்பாகு, நிஜமானது: 172. அந்த 172-க்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். இந்த எண்கள் அவருடைய உடம்புக்குச் சொந்தமானவை, இன்னொருவருக்குப் பொருந்தாது. மருந்தின் அளவை மாற்றுவதெல்லாம் டாக்டர் வேலை, அதில் அவர் கை வைக்கவில்லை. சேடா நகர் முருகன் கோயில் படிகளைக் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் ஏறுகிறார். பொங்கலுக்கு மகன் வந்தபோது, "எனக்குன்னு தனியா ஒண்ணும் வாங்காதே, எல்லாருக்கும் வாங்குறதுல கால்வாசி குடு" என்றாராம். சித்தி இதைப் போனில் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது.

தாராவிக்குப் போன வாரம் மறுபடி போனேன். தவாகானாவில் புதிதாக வந்த நர்ஸம்மா ஒருத்தி அந்த அக்காவிடம் என்ன தின்கிறீர்கள் என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். மிஞ்சின இட்லிக் கதையை அக்கா முதல்தடவையாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார். "இட்லியை விடவேணாம், ரெண்டோட நிறுத்திட்டுக் கூட ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை தின்னுங்க" என்றாளாம் நர்ஸம்மா. ராத்திரி மாவு கரைக்கும்போதே கடலையை ஊறப்போட்டு, முதல் ஈடு வேகும்போது பக்கத்து அடுப்பில் அதையும் ஏற்றுகிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு எங்க கிடைக்கு?" என்று சிரித்தார். "சைக்கிள் எடுக்க வந்த பயலுவ வாசம் பிடிச்சி அள்ளிட்டுப் போயிட்டானுவ. மறுநாள் கால் கிலோ கூடப் போட்டேன்."